கிட்னி அக்காவும் இரண்டாவது வளையமும்

என் அண்ணி பத்தொன்பது வருடமாகக் கணவாயின் சிறுநீரகத்துக்குள் வாழ்ந்துவருகிறார். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குச் சிரிப்பு வராத இடத்தில் கோபம் வரும். இரண்டில் சிரிப்பே மேல் என்று அண்ணியே சொல்லியிருக்கிறார்.

மீன் துறைமுகத்தில் அவருக்குப் பெயர் கிட்னி அக்கா. விடிந்ததும் மூடி போட்ட வாளியோடு ஏலக் கொட்டகைக்குப் போவார். எல்லோரும் கணவாயின் சதையைப் பார்த்து வாங்குவார்கள். இவர் மூச்சைப் பார்த்து வாங்குவார். உயிரோடு இருக்க வேண்டும். செத்து இரண்டு மூன்று மணி நேரம் போனால் உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்கள் கரைந்துபோவார்களாம். வாளிக்குள் விடும்போது அது மையைப் பீச்சியடிக்கும். அந்தக் கறுப்புப் புள்ளி இல்லாத ஒரு துணி அண்ணியிடம் இருந்து நான் பார்த்ததில்லை.

"கிட்னி அக்கா வந்தாச்சு, துள்ளுறதா பார்த்து நாலு எடுத்து வைங்க" என்று மீன்காரம்மா கூவுவார். "உலகமே சதையைக் கேக்குது, இவங்க மூத்திரப் பையைக் கேக்குறாங்க. வாங்குறவங்க பாடு, விக்கிற எனக்கென்ன!"

துறைமுகச் சுவரை ஒட்டிய கடல் ஆய்வுக்கூடத்தில் மாடியில் இரண்டு அறைகள். முதல் அறையில் அறுப்பது, இரண்டாவது அறையில் பார்ப்பது. இரண்டுக்கும் தலைவி டாக்டரம்மா. விலங்கியல் படித்த டாக்டர். அது தெரியாமல் எங்கள் தெருவில் இரண்டு பேர் அண்ணியிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது கண்ணாடி கழுவ. அதற்கு முன்னால் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காகிதத்தில் அளவு வரைந்து வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். படம் வரைய வந்த பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் டாக்டரம்மா, "பென்சில் பிடிப்பீங்களா?" என்று கேட்க, அண்ணி, "கழுத்துப்பட்டை வரைவேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அந்தக் குடித்தனக்காரர்களைப் பற்றி அண்ணி சொல்லக் கேட்க வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கணவாயின் உடலுக்குள் இரண்டு பக்கமும் தெளிந்த நீர் நிறைந்த பை. அந்த நீரில், முடியை விட மெல்லிய புழுக்கள் தலையை மட்டும் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும். வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயம் கிடையாது. உடம்பு மொத்தமும் இருபத்துச் சொச்சம் செல்தான். நடுவில் நீளமாக ஒரே ஒரு செல், அதைச் சுற்றிப் போர்த்திய மாதிரி மற்றவை. குழந்தைகள் அந்த நடுச் செல்லுக்குள்ளேயே பிறந்து, அம்மாவின் உடம்புக்குள்ளேயே நீந்திப் பழகி, பிறகு வெளியே வரும். சில குழந்தைகள் வேறு மாதிரிப் பிறந்து, கணவாயின் சிறுநீரோடு கடலுக்குள் போய்விடும். போய் இன்னொரு கணவாய்க்குள் எப்படிக் குடியேறுகின்றன என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

"அவ்ளோ பெரிய கடல்ல வீடு தேடிக் கெளம்புதுங்க, தம்பி" என்பார் அண்ணி. "கையில விலாசம்கூட இல்லாம."

"வீட்டுக்காரனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஒரு கெடுதலும் இருக்கிற மாதிரி தெரியல. அதுங்க பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு ஆடுதுங்க."

அப்போது அண்ணன் வாயைத் திறப்பான். ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன். குளிரில் வாய் உறைந்துபோனதோ என்னவோ, ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம்தான் பேசுவான். அதில் ஒன்றை எனக்காக எடுத்துவைத்திருப்பான். "கணவாய்க்கு அது, எனக்கு நீ" என்பான்.

உண்மைதான். கல்யாணம் எதுவும் கூடிவராமல், ஒரு மாதம் தங்குகிறேன் என்று வந்து மாடி அறையில் பெட்டியை வைத்தவன் நான். பதினாறு வருடம் ஆகிவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் நாள், "வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டபோது, "ரெண்டு பேர், அண்ணனும் அண்ணியும்" என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தக் கணக்குக்குத்தான் தண்ணீர் வருகிறது.

எண்ணுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆடுகிற பஸ்ஸில், நிற்கிறவனும் தொங்குகிறவனும் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது தலை எண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சுற்றி எண்ணுகிறவன் எங்கே தொடங்கினோம் என்பதை மறந்து, முதலில் எண்ணிய ஆளையே கடைசியிலும் எண்ணிவிடுவான். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். என் அடையாளம் டிரைவர். அவர் மட்டும்தான் எழுந்து போகமாட்டார். டிரைவரிலிருந்து கண்ணை ஓட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, டிரைவர் வந்ததும் நிறுத்து. முப்பத்தொரு வருடத்தில் பரிசோதகர் ஒருவர்கூட என் கணக்கில் குறை கண்டதில்லை.

அண்ணியின் வேலையும் எண்ணும் வேலைதான் என்பதால் எங்களுக்குள் ஒரு தொழில் நட்பு இருந்தது. புழு எந்த இனம் என்பது, தலையில் தொப்பி மாதிரி இருக்கும் செல்களின் கணக்கில்தான் முக்கியமாகத் தெரியும். தொப்பியில் இரண்டு வளையம். முன் வளையத்தில் நான்கு. பின் வளையத்தில் சில இனங்களுக்கு நான்கு, சிலவற்றுக்கு ஐந்து. ஒரு செல் கூடினாலும் குறைந்தாலும் குலம் வேறு. பிறகு நுண்ணோக்கியில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டினால், பார்க்கிற கண்ணுக்குப் புழுவும் காகிதமும் ஒன்றாகத் தெரியும். தன் பென்சில் முனை அந்த நீருக்குள் இறங்கிப் புழுவின் ஓரமாக நடந்து போவதை அண்ணி பார்ப்பார். "நானே உள்ள நிக்கிற மாதிரி இருக்கும், தம்பி. சத்தமே இருக்காது. எதுக்கும் அவசரம் இருக்காது. மேலே வந்தப்புறம் கொஞ்ச நேரம் இந்த அறைதான் பொய் மாதிரி இருக்கும்" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல இருக்கும்.

அந்த அறைச் சுவரில் டாக்டரம்மா ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: 'பார்த்ததை வரை. தெரிந்ததை வரையாதே.' அலமாரியில் ஒரு வாய் அகன்ற ஜாடி. புதிதாக ஏதாவது தென்பட்டால் அண்ணி தனியாக எண்ணி, சீட்டில் எழுதி, மடித்து ஜாடியில் போட வேண்டும். டாக்டரம்மா தனியாக எண்ணித் தன் சீட்டைப் போடுவார். டீ நேரத்தில் இரண்டையும் பிரிப்பார்கள். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் மறுபடி எண்ணுவார்கள். தப்பு யாருடையதோ அவருடைய பழைய நோட்டுகளையும் எடுத்துச் சரிபார்ப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் பதினோரு புதிய இனங்களுக்கு அண்ணியின் படம் அச்சாகியிருக்கிறது. ஜாடி அவரை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு வண்டி திரும்பியது.

"அது என்ன நம்பர், தம்பி?" என்றார் அண்ணி.

நான் பதினெட்டு வருடம் ஓடிய வண்டி. அதில் அவர் தினமும் போய் வருகிறவர். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு எத்தனை எரியுது?" என்றார்.

"ஒண்ணு."

"எனக்கு ரெண்டு."

பஸ் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை. அண்ணிக்கு இடது கண் சின்ன வயதில் பட்ட அடியால் எப்போதும் மங்கல்தான். வலது கண் ஒன்றை வைத்துத்தான் இத்தனை வருடமும் பிழைப்பு. அந்தக் கண்ணில் இரண்டு மாதமாகவே விளக்குகள் இரண்டாகத் தெரிகின்றனவாம். அண்ணனிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போயிருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு விஷயத்துல விளையாடலாமா அண்ணி? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு." அவர் குரல் இறங்கியது. "ஆழக் கடல் வலையில வந்த ஓட்டுக் கணவாய்ல ஒண்ணு பார்த்திருக்கேன். இதுவரைக்கும் யாரும் எழுதாததா இருக்கலாம். இல்ல, என் கண்ணு காட்டுற பொய்யா இருக்கலாம். திங்கக்கிழமை சீட்டுப் போடணும். பொய்யா இருந்து நான் போட்டுட்டா, டாக்டரம்மா பழைய நோட்டெல்லாம் எடுப்பாங்க. எடுக்கத்தான் வேணும். அப்புறம் அந்தப் பதினொண்ணையும் யார் நம்புவா?" மறுபடி சிக்னலைப் பார்த்தார். "வேலை போனா போகட்டும், தம்பி. நான் இத்தனை வருஷம் உள்ள பார்த்ததெல்லாம் நெசம்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டா, அதுதான் தாங்காது."

என்னை எண்ணச் சொன்னார். எதுவும் தெரியாதவன் எண்ணினால் எதையும் எதிர்பார்க்காமல் எண்ணுவானாம். அவர் கண்ட கணக்கைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணி தன் சாவியால் மாடிக் கதவைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே படகுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும் சத்தம். அறையில் ஸ்பிரிட் வாசனையும் ஏதோ பிசின் வாசனையும். கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வைத்து, கண்ணால் பார்த்து, திருகைத் தொட்டுத் தொட்டுத் திருப்பி, எழுந்து எனக்கு இடம் விட்டார்.

முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு நான் உள்ளே இருந்தேன். சொல்லத் தெரியவில்லை எனக்கு. வெளிர் ஊதா நிறத்தில், கழுவிக் காயப்போட்ட நூல்கள்போலப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சாயம் போட்டு, பிசின் ஊற்றி மூடியவை, அசைய வழியில்லை. ஆனாலும் அவை ஆடி முடித்து இப்போதுதான் கண்ணயர்ந்தவைபோல இருந்தன. சிலவற்றின் உடம்புக்குள் குழந்தைகள் சுருண்டிருந்தன. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. அண்ணி என் தோளைத் தொட்டபோது பஸ் கிளம்பிவிட்டதுபோலத் திடுக்கிட்டேன்.

"நடுவுல ஒண்ணு மட்டும் தலையைத் தூக்கி நம்மளப் பார்க்கும். தெரியுதா? மத்ததெல்லாம் பக்கவாட்டுல படுத்திருக்கும். அதோட தொப்பில வெளிவளையம்தான் பின் வளையம், இரண்டாவது வளையம். அதை எண்ணுங்க."

தெரிந்தது. வட்டமாகத் தோளோடு தோள் ஒட்டி நின்றவர்கள்போல ஒரு வளையம். வட்டம் என்றால் எனக்குப் பாடமா சொல்லித்தர வேண்டும்? அதில் ஒன்று மற்றவற்றைவிடச் சாயம் கூடுதலாக ஏறிக் கறுத்திருந்தது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஒரே கணக்கு.

"நாலு" என்றேன், வெற்றியோடு.

 திரும்பினேன். அண்ணி ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார்.

"சரி, தம்பி" என்றார். கண்ணாடித் துண்டை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தார். நுண்ணோக்கிக்கு உறை போட்டார். உறையின் நாடாவை ஒருமுறை கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். அவர் கண்டது ஐந்து என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐந்து என்று சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இல்லாத தலையை எண்ணுகிற கண்டக்டர் நான் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் கையை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். சாலையைக் கடக்க என்று சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக டீ நேரத்துக்கே போய்விட்டேன். டாக்டரம்மா ஜாடியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு சீட்டு நீளமாக இருந்தது. டாக்டரம்மா அதைச் சத்தமாகவே படித்தார்:

"'நான் பார்த்தது ஐந்து. ஆனால் இரண்டு மாதமாக என் வலது கண்ணில் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. நம்ப வேண்டாம். வேறொருவர் எண்ணியதில் நான்கு. என் நோட்டுகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.'" சீட்டை மேஜையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மாசமா?"

"ஆமாம்மா."

"ரெண்டு மாசமா எங்கிட்ட சொல்லல."

அண்ணி மேஜையில் கிடந்த சீட்டை மறுபடி மடித்தார்.

"யாரு அந்த வேறொருவர்?"

நான் தொண்டையைச் செருமினேன். டாக்டரம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு இன்னொரு சீட்டைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அது அவருடையது. அதில் ஒரே சொல்: 'ஐந்து.'

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். "வாங்க. உக்காருங்க. வாய்விட்டு எண்ணுங்க. எங்க ஆரம்பிக்கிறீங்கன்னு சொல்லிட்டு எண்ணுங்க."

உட்கார்ந்தேன். அதே புழு, அதே வளையம். "இந்தக் கறுப்புல ஆரம்பிக்கிறேன்" என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கறுப்பு வந்தாச்சு. நிறுத்திட்டேன்."

"அந்தக் கறுப்பு?"

"அது டிரைவர்" என்றேன்.

 சொன்னபிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. டிரைவர் டிக்கெட் எடுப்பதில்லை. முப்பத்தொரு வருடம் டிரைவரில் தொடங்கினேன், டிரைவரில் முடித்தேன், ஒருநாளும் டிரைவரை எண்ணியதில்லை. ஆற்றைக் கடந்தவர்கள் தங்களை விட்டுவிட்டு ஆள் எண்ணிய கதையைக் கேட்டு எத்தனை முறை சிரித்திருப்பேன்! யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை; சறுக்கியது அண்ணியின் தலைமேல்.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். மூச்சுத் திணறும்வரை சிரித்தார். அண்ணி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் நடுவில் நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, என்மேல் கோபமும் வந்தது. சிரிப்பு மட்டும் அன்றைக்கு வரவில்லை.

நோட்டுகளை எடுக்காமல் விடவில்லை டாக்டரம்மா. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அந்த இரண்டு மாதத்துப் படங்களில் இரண்டில் ஓரக்கோடு இரட்டையாக விழுந்திருந்தது. அண்ணியே சிவப்புப் பென்சிலால் சுற்றிக் காட்டிக்கொடுத்தார். அதற்கு முந்தைய நோட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. தலை தூக்கிய அந்தப் புழுவைச் சுற்றிக் கண்ணாடியில் மையால் வட்டம் போட்டுவைத்தார்கள். இனத்துக்கே அதுதான் முதல் சாட்சி. படத்தை மட்டும் டாக்டரம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. "கண்ணு சரியாகட்டும். அவங்கதான் போடணும். இத்தனை கோடி வருஷமா பேரில்லாம இருந்ததுக்கு, இன்னும் ரெண்டு மாசம் என்ன கேடு?" என்றார். இப்போது அது அச்சாகிவிட்டது. அந்த நீண்ட பெயருக்கு ஐந்து மூலைத் தொப்பி என்று அர்த்தமாம். இதைவிட நல்ல பெயர் கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "தொப்பி அப்படித்தானே இருக்கு?" என்றார் அண்ணி.

ஆனால் நான் சொல்ல வந்தது அறுவைச் சிகிச்சை நடந்த அன்றைக்குக் காலையைப் பற்றி. கண்ணில் புரை விழுந்திருந்தது. பெரிய விஷயம் இல்லை என்றார் கண் டாக்டர். இருப்பது ஒரே கண் என்பதால் எங்களுக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. அண்ணன் வெளியே நடைபாதையில் நின்றுகொண்டு அன்றைய மூன்று வாக்கியங்களையும் காலையிலேயே செலவழித்துவிட்டிருந்தான். அண்ணி பச்சை அங்கி போட்டு, கண்ணில் மருந்து விட்டு, இமையை மூடிப் படுத்திருந்தார். நர்ஸ் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பெயர், வயது, விலாசம் எழுதினேன். அடுத்து, வீட்டில் உடன் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.

"இங்க என்ன எழுதணும் சிஸ்டர்?"

"பேஷன்ட்டையும் சேர்த்து வீட்ல எத்தனை பேர் இருக்கீங்களோ, அதை எழுதுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்க ஆள் இருக்கான்னு தெரியணும்ல?"

"ரெண்டு பேர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"மூணு" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல்.

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவர் எப்பவும் அப்படித்தாம்மா எண்ணுவாரு" என்றார் அண்ணி. "பதினாறு வருஷமா அப்படித்தான் எண்ணுறாரு. மூணுன்னு அவரே சொல்லட்டும் சொல்லட்டும்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்." கட்டிலின் விளிம்பில் கையால் துழாவி என் மணிக்கட்டைக் கண்டுபிடித்தார். "அடிச்சுட்டு மூணுன்னு எழுதுங்க, தம்பி. நான் கண்ணைத் திறக்கும்போது வீட்டு ஆளுங்க முழுசா நிக்கணும்."

தள்ளுவண்டியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு இரண்டு முறை ஆடி நின்றது. நான் நடைபாதை பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து, இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். பழக்க தோஷம், சரிதானா என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். இந்த முறை என்னிலிருந்து தொடங்கினேன்.